இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியா: நெல்லைச் சீமை மாணவர்களுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் நிலாவாரைக்கு உலகச் சந்தையில் ‘டின்னவெலி சென்னா’ என்று பெயர். ஐரோப்பிய மருந்துத் தரநூலிலும் நம் ஊர்ப் பெயரோடுதான் அதன் காய் பதிவாகியிருந்தது. அரபு நாட்டுப் பக்கமிருந்து வந்த செடி இது. நெல்லை, தூத்துக்குடி மானாவாரி நிலங்களில் வேர்பிடித்து, ஊர்ப் பெயரையும் வாங்கிக்கொண்டது. அதன் இலையில் இருக்கும், மலமிளக்கும் பொருளான சென்னோசைடைப் பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். அதே இலையில், செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் உள்ள சந்துகளில் குடியிருக்கும் பாக்டீரியா என்ன வேதிப்பொருளைச் செய்கிறது என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியோடு ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் இந்த வேலையை நான் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் எம்.எஸ்.சி. புராஜெக்டுக்கு வரும் பிள்ளைகள் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன். கருவியை ஓட்டத் தெரியாததால் வரும் சறுக்கல் அல்ல அது. ‘பிளாங்க்’ வைக்காததால் வருவது. பாக்டீரியா போடாத ஒன்றை, பாக்டீரியா போட்டதோடு கூடவே கடைசிவரை நடத்திக்கொண்டு போவதற்குப் பெயர்தான் பிளாங்க். கீழே ஒவ்வொரு படியிலும் அது திரும்பத் திரும்ப வரும்.

செடிக்கு நோய் உண்டாக்காமல் அதன் திசுவுக்குள் வாழும் நுண்ணுயிரை எண்டோஃபைட் என்கிறோம். தமிழில் அகவாழ் நுண்ணுயிர். இந்தச் சொல்லை 1866-இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இலைக்குள் பேசில்லஸ், சூடோமோனஸ், பான்டோயா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பலவகை பாக்டீரியா உண்டு. ஆஸ்திரேலியாவின் வடபகுதிப் பழங்குடி மக்கள் காயத்துக்குக் கட்டும் ஒரு கொடிக்குள் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து முனும்பிசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பிரித்து 2002-இல் வெளியிட்டார்கள். காயத்தை ஆற்றியதில் கொடிக்குப் பங்கு எவ்வளவு, குடியிருந்தவருக்குப் பங்கு எவ்வளவு என்ற கேள்வி அங்கே எழுந்தது. நம் மூலிகைகளிடமும் அதைக் கேட்கலாம்.

செடியைத் தேர்ந்தெடுப்பது

வருகிறவர்கள் எல்லாருக்கும் பொதிகை மலைமேல்தான் கண். காரையாறு, மாஞ்சோலை என்று பேர் சொல்லிக்கொண்டு வருவார்கள். களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அங்கே ஓர் இலையைக் கிள்ளவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அது வருவதற்குள் உங்கள் பருவத்தேர்வு முடிந்துவிடலாம். முதல் வேலைக்கு வயலில் விளையும் செடியே போதும்: நிலாவாரை, நிலவேம்பு, கீழாநெல்லி, வேலியோரத்து ஆடாதோடை. நிலத்துக்காரரிடம் என்ன செய்யப்போகிறோம் என்று விவரமாகச் சொல்லி, சம்மதம் வாங்கி, தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இலை தரும் அண்ணாச்சி, “ஏம்மா, இலைக்கு மருந்தடிச்சா உன் பூச்சி செத்துப்போகுமோ?” என்று கேட்டுவிட்டு, எந்தப் பாத்தியில் எப்போது மருந்தடித்தார் என்று அவரே சொன்னார். அது என் நோட்டில் இருக்கிறது. செம்பு கலந்த மருந்தோ ஸ்ட்ரெப்டோமைசின் கலவையோ அடித்த பாத்தியில் எடுத்தால் முடிவே மாறிவிடும்.

பொதிகை மலையில் வாழும் காணிப் பழங்குடி மக்கள் காட்டித்தந்த செடி என்றால் பொறுப்பு இன்னும் கூடும். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், காணி மக்கள் சொன்ன ஆரோக்கியப்பச்சையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தபோது, அறிவைத் தந்த அவர்களுக்கும் வருமானத்தில் பங்கு என்று ஏற்பாடு செய்தார்கள். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். பாக்டீரியாவையோ சாற்றையோ வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணமிருந்தாலும், காப்புரிமை கேட்கும் எண்ணமிருந்தாலும், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தை நாட வேண்டியிருக்கும்.

செடியின் பெயரை நாமாக முடிவுகட்டக் கூடாது. பூவோடும் காயோடும் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, கல்லூரித் தாவரவியல் துறையிலோ கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் அளவாய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ காட்டி, எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள். நோயோ பூச்சிக்கடியோ இல்லாத இலை, கூடவே தண்டு, வேர். பாலித்தீன் பையில் நீர்விட்டுக் கட்டாதீர்கள், வேகிப்போகும். காகித உறையில் போட்டு, ஐஸ் பெட்டிக்குள், ஐஸில் நேரடியாகப் படாமல் வையுங்கள். அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். அதிகபட்சம் 24 மணி நேரம்.

இலையின் மேலே இருப்பதை அகற்றுவது

மேலே ஒட்டியிருக்கும் பாக்டீரியா சாகவேண்டும். உள்ளே இருப்பது பிழைக்கவேண்டும். இந்த ஒரு படியில்தான் ஆய்வேடு நிற்பதும் விழுவதும்.

ஓடும் குழாய் நீரில் மண் போகும்வரை கழுவுங்கள். ஒரு சொட்டு ட்வீன் 20 (சோப்பு போன்ற திரவம்) கலந்த நீரில் சில நிமிடம் ஆட்டுங்கள். இலையின் மெழுகுப் பூச்சில் நீர் ஒட்டுவதற்கு அது உதவும். பிறகு லேமினாருக்குள் (வடிகட்டிய சுத்தக் காற்று வீசும் வேலைப்பெட்டி) போய் 70 சதவீத எத்தனாலில் 1 நிமிடம். நுண்ணுயிர் நீக்கிய நீரில் ஒருமுறை அலசல். அடுத்து 2 முதல் 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் இலைக்கு 3 நிமிடம், தண்டுக்கும் வேருக்கும் 5 நிமிடம். மறுபடி எத்தனாலில் 30 விநாடி. கடைசியில் நுண்ணுயிர் நீக்கிய நீரில் ஐந்து முறை அலசல்.

இந்த நேரக்கணக்கு வேதவாக்கு அல்ல. நிலாவாரை இலை மெல்லியது; ஆடாதோடையைப் போல் வைத்தால் உள்ளேயும் குளோரின் இறங்கிவிடும். முதல் நாள் 1, 3, 5, 8 நிமிடம் என்று நான்கு விதமாக வைத்துப் பார்த்து உங்கள் செடிக்கு ஏற்றதைக் கண்டுபிடியுங்கள். ஹைப்போகுளோரைட் குப்பியையும் நம்பிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் அலமாரியில் நின்ற குப்பியில் குளோரின் பாதிகூட மிஞ்சியிருக்காது. புதிதாக வாங்குங்கள், குளிரில் இருட்டில் வையுங்கள், தயாரித்த அன்றே பயன்படுத்துங்கள். அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள்; நச்சுப்புகை வரும்.

இங்கேதான் முதல் பிளாங்க். ஐந்தாவது அலசல் நீரிலிருந்து 100 மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு பிளேட்டில், அதாவது சத்துக்கூழ் (அகார்) ஊற்றிய வட்டத் தட்டில், பரப்புங்கள். அலசிய இலை ஒன்றை இன்னொரு பிளேட்டின்மேல் லேசாக அழுத்தி எடுத்துவிடுங்கள். இரண்டையும் மற்ற பிளேட்டுகளோடு அத்தனை நாளும் வையுங்கள். அவற்றில் ஒரு புள்ளி முளைத்தாலும், அன்றைக்குக் கிடைத்த எதையும் அகவாழ் பாக்டீரியா என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வயலுக்குப் போங்கள். மனசு வலிக்கும். ஆனாலும் போங்கள்.

வெளியே எடுத்து வளர்ப்பது

சுத்தம் செய்த இலையின் ஓரங்களை வெட்டி நீக்குங்கள். வெட்டுவாய் வழியாகக் குளோரின் புகுந்திருக்கும். 1 கிராம் திசுவை 9 மி.லி. உப்புநீரில் (0.85 சதவீதம்) உரலில் அரைத்து, பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று நீர்த்து, ஒவ்வொன்றையும் பரப்புங்கள். சத்து குறைந்த ஆர்2ஏ அகாரில் மெதுவாக வளர்பவைக்கும் இடம் கிடைக்கும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை வேண்டுமென்றால் ஸ்டார்ச் கேசின் அகார். பூஞ்சை மேலே படராமலிருக்க ஒரு மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் சைக்ளோஹெக்ஸிமைடு சேர்க்கலாம். அது மனிதருக்கும் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். 28 டிகிரியில் வையுங்கள். மூன்றாம் நாளே எண்ணி முடித்துப் பிளேட்டை வீசிவிடுகிறார்கள் சிலர். சுண்ணாம்புப்பொடி தூவியதுபோல வரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் தலைகாட்டும்.

தனிக் காலனியாக மூன்று முறை கோடிட்டுத் தூய்மையாக்குங்கள். அன்றைக்கே, வேறு எந்தச் சோதனைக்கும் முன்னால், 20 முதல் 25 சதவீத கிளிசராலில் நாலைந்து குப்பிகளை உறையவையுங்கள். இது ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கைக்கு இருபது பாக்டீரியா வந்தால் இருபதையும் ஆராய ஆசைப்படாதீர்கள். களக்காடு, சேரன்மகாதேவி பக்கத்து வாழைக்காரர்களுக்கு வாடல்நோய் பெரிய துன்பம். அதை உண்டாக்குவது ஃபியூசேரியம் பூஞ்சை. அந்தப் பூஞ்சைக்கு எதிரே ஒரே பிளேட்டில் இருபதையும் வைத்துப் பார்த்து, எது தெளிவாகத் தடுக்கிறதோ அந்த இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஊரிலிருந்து வந்தால் வேலை அலுக்காது.

பெயர் கண்டுபிடிக்க, எல்லா பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணுவை 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (மரபணுவின் இரு முனையிலும் ஒட்டும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) பெருக்கி, சுமார் 1500 எழுத்தைப் படித்து, இணையத் தரவுத்தளங்களில் ஒப்பிடுவது வழக்கம். பேரினம்வரை அதை நம்பலாம். பேசில்லஸ் சப்டிலிஸ், அதன் நெருங்கிய உறவுகளான அமைலோலிக்விஃபேசியன்ஸ், வெலசென்சிஸ் ஆகியவற்றை 16எஸ் மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது; கைரேஸ் பி மரபணுவையும் படிக்கவேண்டும். அதுவரை ‘பேசில்லஸ் இனம்’ என்று எழுதுவதில் குறைவு ஒன்றுமில்லை. இலைக்குள் கிளெப்சியல்லா, பர்கோல்டெரியா போன்றவையும் இருக்கும். அவற்றில் சில மனிதருக்கு நோய் தருபவை. செடியிலிருந்து வந்ததுதானே என்று அலட்சியமாகக் கையாளாதீர்கள்.

இரட்டைக் குடுவைகள்

வேதிப்பொருளுக்காகப் பெரிய அளவில் வளர்க்கும் கட்டம் இது. 1 லிட்டர் குடுவையில் 200 மி.லி. திரவ மீடியம் (சத்துக்கரைசல்) போதும். நிறைய ஊற்றினால் காற்று போகாது. முந்தின நாள் வளர்ப்பிலிருந்து 1 முதல் 2 சதவீதம் ஊற்றி, 28 டிகிரியில், நிமிடத்துக்கு 150 முதல் 180 சுற்று ஆட்டுங்கள். பேசில்லஸுக்கு 2, 3 நாள். ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு 7 முதல் 10 நாள். நாம் தேடும் பொருள்கள் பெரும்பாலும் வளர்ச்சி நின்றபின் சுரப்பவை. அதனால் தினமும் சிறிது எடுத்து, ஒளியடர்த்தியையும் (கலங்கலின் அளவு) பூஞ்சையைத் தடுக்கும் திறனையும் அளந்து, எந்த நாளில் இறக்கலாம் என்று முடிவுசெய்யுங்கள்.

பாக்டீரியா போட்ட குடுவைகள் மூன்று என்றால், அதே நாளில், அதே டப்பாவிலிருந்து எடுத்த பொடியில், அதே ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலன்) வைத்த, பாக்டீரியா போடாத குடுவைகளும் மூன்று இருக்கவேண்டும். அவையும் அதே ஆட்டுக்கருவியில் அத்தனை நாளும் ஆடவேண்டும். இடமில்லை, மீடியம் விலை அதிகம் என்று காரணம் சொல்வார்கள். அந்தச் செலவைக் கணக்குப் பார்த்து ஒரு குடுவையைக் குறைத்தால், பின்னால் கருவிக்குக் கட்டும் ஆயிரக்கணக்கான ரூபாய் வீண்.

காரணம் இதுதான். பெப்டோன், ஈஸ்ட் சாறு எல்லாம் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்த சூப்பு. அதை 121 டிகிரியில் வேகவைக்கும்போது புதியவையும் உண்டாகின்றன. புரோலின், லூசின் என்ற இரு அமினோ அமிலங்கள் வளையமாகச் சேர்ந்த இருபெப்டைடு ஒன்று உண்டு. வேதிப்பொருள் தரவுத்தளத்தில் ‘பைரோலோபைரசின் டையோன்’ என்று தொடங்கும் நீளமான பெயரில் வரும். அகவாழ் பாக்டீரியா பற்றிய கட்டுரைகளில் அதை நுண்ணுயிர்க்கொல்லி என்று அடிக்கடி பார்க்கலாம். பாக்டீரியா அதைச் செய்வது உண்மைதான். பாக்டீரியாவே போடாத மீடியத்தில் அது இருப்பதும் உண்மை. உங்கள் வளர்ப்பில் இருந்தது எங்கிருந்து வந்தது என்பதைச் சகோதரக் குடுவைதான் சொல்லும்.

சாறு இறக்குவது

வளர்ப்பை நிமிடத்துக்கு 8,000 முதல் 10,000 சுற்றில் 15 நிமிடம் சுழற்றிச் செல்லைப் பிரியுங்கள். மேலே தெளிந்த நீருக்குச் சம அளவு எத்தில் அசிடேட் என்ற கரைப்பானைச் சேர்த்து, பிரிபுனலில் மூன்று முறை குலுக்கி இறக்குங்கள். குலுக்கும்போது அடிக்கடி குழாயைத் திறந்து ஆவியை விடுங்கள். தயிர்போல நுரைத்துப் பிரியாமல் நின்றால் கொஞ்சம் சமையலுப்பு போடுங்கள், பொறுமையும் வேண்டும். மேலடுக்கை நீரற்ற சோடியம் சல்ஃபேட்டில் வடித்து, ரோட்டரியில் (வெற்றிடத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவிடுங்கள். எத்தில் அசிடேட் சட்டென்று தீப்பற்றும். அந்த அறையில் பர்னர் எரியக்கூடாது, நல்ல காற்றோட்டம் வேண்டும்.

எல்லாப் பொருளும் எத்தில் அசிடேட்டுக்கு வராது. நீரை விரும்புபவைக்கு பியூட்டனால். செல்லுக்குள் இருப்பவைக்கு, பிரித்த செல்லை மெத்தனாலில் ஊறவைக்க வேண்டும். பேசில்லஸின் லிப்போபெப்டைடு (கொழுப்பு வால் கொண்ட பெப்டைடு) வேண்டுமென்றால் இன்னும் எளிய வழி உண்டு: தெளிந்த நீரின் பி.எச். அளவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் 2-க்கு இறக்கி, 4 டிகிரியில் இரவு முழுக்க வைத்தால் வெள்ளை வண்டல் இறங்கும். அதைச் சுழற்றி எடுத்து மெத்தனாலில் கரையுங்கள்.

இப்போது என் சொந்தக் கதை. முதல் வருஷம் நிலாவாரை இலையிலிருந்து எடுத்த ஒரு பேசில்லஸின் சாறு, ஃபியூசேரியத்தை அழகாகத் தடுத்தது. சாற்றை ஆவியாக்கி, பொருள்களைப் பிரித்து, நிறையை வைத்து அடையாளம் காட்டும் ஜி.சி.-எம்.எஸ். கருவிக்கு அனுப்பினேன். வரைபடத்தில் மிக உயரமான உச்சிக்குத் தரவுத்தளம் கொடுத்த பெயர் டை-எத்தில்ஹெக்ஸில் தாலேட். பொருத்தம் 900-க்கு மேல். பூஞ்சையைக் கொல்லும் பொருள் இதுதான் என்று நம்பி, ஆறு மாதம் அதைச் சுற்றியே எழுதினேன். ஒரு கருத்தரங்கில் என் போஸ்டர் முன்னால் நின்று படித்த வயதான பேராசிரியை ஒருவர் கேட்டார்: “பாக்டீரியா போடாத மீடியத்தையும் இதே மாதிரி இறக்கிப் பார்த்தியாம்மா?” பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாளே செய்தேன். அதிலும் அதே உச்சி, அதே உயரம். அது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள். எத்தில் அசிடேட்டை நான் ஊற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் குப்பியிலிருந்து கரைந்து வந்திருக்கிறது. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. அதனால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 லிட்டர் கரைப்பானை 1 மி.லி. ஆக வற்றவிடுகிறோம். நமக்கு வேண்டியது ஆயிரம் மடங்கு அடர்த்தியாகும்போது, கரைப்பானில் இருந்த அழுக்கும் ஆயிரம் மடங்கு அடர்த்தியாகிறது. கரைப்பான் தொடும் எல்லாம் கண்ணாடியாகவோ டெஃப்ளானாகவோ இருக்கட்டும். பாரஃபிலிம் சுற்றாதீர்கள்; அதுவும் கரையும். மைக்ரோபிப்பெட் முனையில்கூடக் குறைந்த நேரமே நிற்கட்டும். கூடவே மூன்றாவது ஒரு பிளாங்க்: மீடியமும் வேண்டாம், வெறும் எத்தில் அசிடேட்டை அதே அளவு எடுத்து அதே ரோட்டரியில் வற்றவிட்டு, அதையும் கருவிக்கு அனுப்புங்கள். மீடியம் தந்தது எது, கரைப்பான் தந்தது எது என்று அப்போது தனித்தனியாகத் தெரியும்.

கருவிக்கு முன்னால் டி.எல்.சி.

கலவையைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகடு, பணம் அதிகம் வாங்காத நல்ல நண்பன். சிலிக்கா ஜெல் 60 எஃப்254 தகட்டில் சாறு, மீடியம் பிளாங்க், கரைப்பான் பிளாங்க் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் புள்ளியிட்டு ஓட்டுங்கள். குளோரோஃபார்ம், மெத்தனால் 9-க்கு 1 நல்ல தொடக்கம். லிப்போபெப்டைடு என்றால் குளோரோஃபார்ம், மெத்தனால், நீர் 65, 25, 4. புற ஊதாவில் 254, 366 நானோமீட்டரில் பார்த்து, பென்சிலால் வட்டமிட்டு, படம் எடுத்துவிட்டு, அதன்பின் அனிசால்டிஹைடு தெளித்துச் சூடாக்குங்கள்.

அடுத்து, அதேபோல் ஓட்டிய இன்னொரு தகட்டின்மேல், பூஞ்சை வித்து கலந்த மென் அகாரை ஊற்றி மூடி வையுங்கள். இரண்டு நாளில் தகடு முழுக்கப் பூஞ்சை படரும், பொருள் வேலைசெய்யும் புள்ளியில் மட்டும் வெறுமையாக நிற்கும். பத்துப் புள்ளிகளில் எது மருந்து என்பதை அந்த வெறும் இடம் விரல்நீட்டிக் காட்டிவிடும். நான் அந்த முதல் வருஷமே இதைச் செய்திருந்தால் தாலேட்டின் பின்னால் போயிருக்க மாட்டேன். கரைப்பான் நன்றாக உலர்ந்தபிறகே அகாரை ஊற்றவேண்டும், மறந்துவிடாதீர்கள். மிச்சக் கரைப்பானும் பூஞ்சையைக் கொல்லும்.

ஜி.சி.-எம்.எஸ்.: என்ன தெரியும், என்ன தெரியாது

ஆவியாகக்கூடிய பொருளை மட்டும்தான் ஜி.சி. பார்க்கும். ஊசி போடும் வாயில் 250 டிகிரி. அங்கே ஆவியாகாதது அங்கேயே கரிந்துபோகும். கொழுப்பமிலம், சிறு ஃபீனால்கள், இன்டோல், வாசனைப் பொருள்கள் தெரியும். சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலங்கள் தெரியவேண்டுமென்றால், மெத்தாக்ஸிஅமீன், எம்.எஸ்.டி.எஃப்.ஏ. என்ற வினைப்பொருள்கள் கொண்டு ஆவியாகும் வடிவுக்கு மாற்றியபிறகே அனுப்பவேண்டும். பெரிய பெப்டைடு, பெரிய கிளைகோசைடு எல்லாம் எப்படியும் தெரியாது. அதனால் ‘ஜி.சி.யில் வந்தவைதான் என் பாக்டீரியா செய்யும் பொருள்கள்’ என்று எழுதுவது, சல்லடையில் தங்கியதை மட்டும் பார்த்துவிட்டு மாவே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அறிக்கை கைக்கு வந்ததும் பெயர்ப் பட்டியலுக்கு ஓடாதீர்கள். முதலில் மூன்று வரைபடத்தையும், அதாவது சாறு, மீடியம், கரைப்பான், ஒரே அளவில் ஒன்றின்கீழ் ஒன்றாக வையுங்கள். மீடியத்திலோ கரைப்பானிலோ இருக்கும் உச்சியை அடித்துவிடுங்கள். நிறை எண் 149 உயர்ந்து நின்றால் தாலேட்டாக இருக்கலாம். 73, 207, 281 என்று வந்தால் சிலாக்ஸேன், பெரும்பாலும் கருவியின் கம்பத்திலிருந்தோ (பொருள்களைப் பிரிக்கும் மெல்லிய குழாய்) ரப்பர் மூடியிலிருந்தோ உதிர்ந்தது. ஓட்டத்தின் கடைசியில், சூடு ஏறஏற அடிக்கோடு மேலே எழும்பினால் அதுவும் கம்பம் உதிர்வதுதான்.

மிச்சமிருக்கும் உச்சிகளுக்குத்தான் பெயர் பார்க்கவேண்டும். தரவுத்தளப் பொருத்தம் 999-க்குக் கணக்கிடுவார்கள். 900-க்கு மேல் மிக நன்று, 800-க்கு மேல் பரவாயில்லை, 700-க்குக் கீழ் என்றால் ‘அடையாளம் தெரியாதது’ என்று நேர்மையாக எழுதுங்கள். தரவுத்தளம் தெரியாது என்று ஒருநாளும் சொல்லாது. எதைக் காட்டினாலும் அருகில் உள்ள ஒரு பெயரைச் சொல்லிவிடும். ஃபுளூரின் கலந்த செயற்கை மருந்துப் பெயரெல்லாம் அப்படி வருவதுதான். பொருத்தம் நன்றாக இருந்தாலும் ஆல்க்கேன் வரிசை ஒன்றை அதே நாளில் ஓட்டச் சொல்லி, தங்கு குறியீட்டை (பொருள் வெளியே வந்த நேரத்தின் ஒப்பீட்டு எண்) கணக்கிட்டு, வெளியான மதிப்போடு ஒப்பிடுங்கள். நிறைமாலை ஒரு சாட்சி என்றால், வெளியே வந்த நேரம் இரண்டாவது சாட்சி.

அறிக்கையில் உச்சிக்கு எதிரே வரும் பரப்பு சதவீதம் பொருளின் அளவு அல்ல. இன்னொன்றும் சொல்லவேண்டும். பொருளின் பெயர், அதற்கு எதிரே ‘புற்றுநோய் எதிர்ப்பு, ஆக்ஸிஜனேற்றத் தடுப்பு’ என்று வேறெங்கோ இருந்து எடுத்து ஒட்டிய பட்டியலை ஆய்வேட்டில் போடாதீர்கள். உங்கள் பாக்டீரியாவைப் பற்றி அது எதையுமே சொல்வதில்லை.

எல்.சி.-எம்.எஸ்.: பெரிய மூலக்கூறுகளுக்கு

அந்தப் பழைய பேசில்லஸை நான் கைவிடவில்லை. அமிலத்தில் வண்டலாக இறக்கி, டி.எல்.சி.யில் வெறும் இடம் காட்டிய புள்ளியைச் சுரண்டி, மெத்தனாலில் கரைத்து, பொருள்களைத் திரவ ஓட்டத்திலேயே பிரித்து நிறை பார்க்கும் எல்.சி.-எம்.எஸ்.-க்கு அனுப்பினேன். நேர்மின் முறையில் 1043, 1057 என்று 14 இடைவெளியில் உச்சிகள் வந்தன. பூஞ்சையை எதிர்க்கும் இட்யூரின் குடும்பத்தின் எண்கள் அவை. ஒரு சி.எச்.2 கூடக்கூட 14 கூடும். கொழுப்பு வாலின் நீளம் வேறுபடுவதால் இப்படிப் படிப்படியாக வரும். மீடியம் பிளாங்கில் அவை இல்லை. ஜி.சி.க்கு அந்தப் பொருள் தெரியவே வாய்ப்பில்லை.

பேசில்லஸின் மற்ற லிப்போபெப்டைடுகளில் நீங்கள் பார்க்கக்கூடிய எண்கள்: சர்ஃபாக்டினுக்கு 1008, 1022, 1036. ஃபெங்கைசினுக்கு 1435 முதல் 1505 வரை. இதில் ஒரு பொறி இருக்கிறது. புரோட்டானுக்குப் பதில் சோடியம் ஒட்டினால் நிறை 22 கூடும். 1036 ஆன சர்ஃபாக்டின் சோடியத்தோடு 1058 ஆகி, இட்யூரினின் 1057-க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். துல்லியம் குறைந்த கருவியில் இரண்டும் குழம்பும். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் தரும் கருவியைக் கேளுங்கள், துண்டாக்கிப் பார்க்கவும் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளில் எந்த அமினோ அமிலம் இருக்கிறதென்று தெரிந்தால் குழப்பம் தீரும்.

அனுப்பும் முன் 0.22 மைக்ரான் பி.டி.எஃப்.இ. (டெஃப்ளான்) வடிகட்டியில் வடியுங்கள். கரைப்பானாக எல்.சி.-எம்.எஸ். தர மெத்தனால், கண்ணாடிக் குப்பி. இங்கேயும் தாலேட் வரும்: 391 அல்லது 413-ல் ஓர் உச்சி தெரிந்தால் முதலில் குப்பியைச் சந்தேகப்படுங்கள். துண்டுநிறைத் தரவு கிடைத்தால், ஜி.என்.பி.எஸ். என்ற இலவச இணையத்தளத்தில் ஏற்றுங்கள். ஒரேமாதிரி உடையும் மூலக்கூறுகளை அது குடும்பம் குடும்பமாக வலைபோட்டுக் காட்டும். பிளாங்கையும் சேர்த்து ஏற்றினால், பாக்டீரியாவுக்கு மட்டும் உரிய குடும்பங்கள் தனி நிறத்தில் தெரியும்.

எந்தப் பிணைப்பு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் எஃப்.டி.ஐ.ஆர். பற்றிச் சுருக்கமாக. 1740 பக்கம் எஸ்டர், 1650 பக்கம் அமைடு, 2925-லும் 2855-லும் கொழுப்புச் சங்கிலி என்று சொல்லலாம். கலவைச் சாற்றை அதில் வைத்துப் பொருளின் பெயரைச் சொல்ல முடியாது. மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வேண்டுமென்றால் தூய்மையான பொருள் சில மில்லிகிராமாவது கையில் இருக்கவேண்டும். 200 மி.லி. குடுவையிலிருந்து அது வராது, லிட்டர் கணக்கில் வளர்க்கவேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள கருவி மையம் போன்ற இடங்களில் வெளி மாணவர்களுக்கும் கட்டணத்துக்கு அளந்து தருகிறார்கள். அனுப்புவதற்கு முன் எந்தக் கரைப்பானில் கரைகிறது என்று நீங்களே சோதித்துவிடுங்கள்.

எழுதும்போது

வளர்சிதைப்பொருள் (உயிர்கள் தமக்குள் செய்யும் வேதிப்பொருள்) ஆய்வில், ஒரு பொருளை எவ்வளவு உறுதியாக அடையாளம் கண்டோம் என்று சொல்ல 2007-இல் வகுத்த நான்கு நிலைகள் உண்டு. தூய மாதிரிப் பொருளை அதே கருவியில் ஓட்டி, இரண்டு தனித்தனி அளவுகளில் ஒத்துப்போனால் முதல் நிலை. தரவுத்தளப் பொருத்தம் மட்டும் என்றால் இரண்டாம் நிலை. வகை மட்டும் தெரிந்தால் மூன்றாம் நிலை. ஒன்றும் தெரியாதது நான்காம் நிலை. உங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இந்த எண்ணைப் போடுங்கள். பெரும்பாலும் 2, 3 என்றுதான் இருக்கும். என் இட்யூரினுக்கு நான் முதலில் 3 போட்டேன். தூய மாதிரி வாங்கி ஓட்டியபிறகே 1 ஆக்கினேன்.

உறைந்த குப்பி

ஆறேழு மாதம் பிளேட்டிலிருந்து பிளேட்டுக்கு மாற்றிக்கொண்டே வந்தால், ஒருநாள் பூஞ்சையைத் தடுப்பது நின்றுபோகலாம். அகவாழ் நுண்ணுயிர்களில் இது அடிக்கடி நடப்பது. செடிக்கு வெளியே சொகுசான மீடியத்தில் வாழப் பழகிவிட்டால், செலவு பிடிக்கும் அந்தப் பொருளைச் செய்யாத வாரிசுகள் முந்திக்கொள்ளும். அப்போதுதான் முதல் நாள் உறையவைத்த கிளிசரால் குப்பி தேவைப்படும். ஒவ்வொரு சோதனைத் தொடருக்கும் அந்த முதல் தலைமுறையிலிருந்தே தொடங்குங்கள், மூன்று மாற்றலுக்கு மேல் போகாதீர்கள். குப்பிகளை இரண்டு உறைபெட்டிகளில் பிரித்து வையுங்கள். சித்திரை மாதத்தில் மின்சாரம் போனால் ஒன்றாவது மிஞ்சும். இரண்டும் உருகிவிட்டால் மறுபடி அண்ணாச்சி வயலுக்குத்தான் போகவேண்டும். அங்கே இலை பறித்து முடித்திருந்தால், ஐப்பசி மழைக்கு விதைத்து, அது முளைத்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.